காணாமல் போன 70 டிகிரி: ஐந்தாம் சிலிண்டர் நிகழ்வு ஆய்வு

நடுக்கடலில், அதிகாலை இரண்டு மணிக்கு, எங்கள் கப்பல் இன்ஜினின் ஐந்தாம் சிலிண்டரில், எரிந்த வாயுவை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்து ஒழுகத் தொடங்கியது. அதற்கு இருபது நாள் முன்பே அந்தச் சிலிண்டருக்கு அலாரம் அடித்திருந்தது. அதை அடங்க வைத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பின்னால் வருகிற கணக்கெல்லாம் அந்த ஒரு காரியத்தைச் சுற்றித்தான்.

அப்போது நான் அந்தக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். மெயின் இன்ஜின் ஆறு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், மெதுவாகச் சுற்றும் ரகம். சிலிண்டர் விட்டம் 500 மில்லிமீட்டர். ஹெவி ஃப்யூயல் என்ற கெட்டி எண்ணெயில் ஓடுவது. இரவில் இன்ஜின் ரூமில் ஆள் இருக்காது. அலாரம் வந்தால் டியூட்டி இன்ஜினியரின் கேபினில் மணி அடிக்கும்.

இந்த அளவு இன்ஜினில் வெப்பநிலை பார்க்கும் இடங்கள் பல. ஒவ்வொரு சிலிண்டரையும் சுற்றி ஓடிக் குளிர்வித்து வெளியேறும் ஜாக்கெட் தண்ணீர், பிஸ்டனைக் குளிர்வித்துத் திரும்பும் எண்ணெய், த்ரஸ்ட் பேரிங், சிலிண்டருக்குக் கீழே உள்ள ஸ்கேவெஞ்ச் பெட்டி, டர்போசார்ஜருக்கு முன்னும் பின்னும் எக்ஸாஸ்ட் வாயு என்று பட்டியல் நீளும். 2,250 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள, அல்லது 300 மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள இன்ஜினை ஆளில்லாமல் ஓட்ட வேண்டுமென்றால், கிராங்க்கேஸில் எண்ணெய்ப் புகை கண்டறியும் கருவியோ பேரிங் வெப்பநிலைக் கண்காணிப்போ அதற்கு ஈடான ஒன்றோ இருந்தே ஆக வேண்டும் என்கிறது சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கை. அதெல்லாம் எங்களிடம் ஒழுங்காகவே இருந்தது. சிக்கல் வந்தது, எல்லாரும் தினமும் பார்க்கிற, அதனாலேயே யாரும் சந்தேகப்படாத எக்ஸாஸ்ட் வெப்பநிலையில்.

அலாரத்தின் கணக்கு

ஒவ்வொரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் குழாயிலும் சூட்டைச் சிறு மின்னழுத்தமாக மாற்றித் தரும் தெர்மோகப்பிள் சென்சார் ஒன்று சொருகியிருக்கும். எங்கள் இன்ஜினில் அதற்கு இரண்டு வகை எல்லை வைத்திருந்தார்கள். ஒன்று நேரடி எல்லை: 450 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அலாரம், அதற்கும் மேலே போனால் இன்ஜின் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்னொன்று விலகல் எல்லை: ஆறு சிலிண்டரின் சராசரியிலிருந்து ஏதாவது ஒன்று 50 டிகிரிக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ அலாரம். ஓட்டத் தொடங்கும்போதும் லோடு குறைவாக இருக்கும்போதும் சிலிண்டர்கள் இயல்பாகவே ஏறுக்கு மாறாக இருக்கும் என்பதால் அப்போது விலகல் அலாரம் தடுத்து வைக்கப்பட்டிருக்கும். ஒரு நொடி துள்ளலுக்கெல்லாம் கத்தாமல் இருக்கச் சிறு தாமதமும் உண்டு. அடங்கிய அலாரம் எல்லைக்கோட்டிலேயே நின்று மாறி மாறி அடிக்காமலிருக்க, எல்லையிலிருந்து சில டிகிரி உள்ளே வந்தால்தான் அது கலையும்.

இரண்டில் விலகல் அலாரம்தான் கெட்டிக்காரத்தனமானது என்பது என் எண்ணம். இன்ஜினின் லோடு மாறினால் ஆறும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். ஒன்று மட்டும் தனியாகப் போனால் அந்தச் சிலிண்டருக்குள் ஏதோ நடக்கிறது. ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. சராசரி கணக்கிடும்போது, பொய் சொல்கிற சென்சாரின் எண்ணும் அதில் சேர்ந்துகொள்கிறது.

ஒரு நிமிடம் கணக்குப் போடுவோம். ஆறு சிலிண்டரும் உண்மையில் 370 டிகிரியில் இருக்கின்றன. ஐந்தாவது மட்டும் தவறாக 300 காட்டுகிறது. சராசரி 358 ஆகிவிடும். ஐந்தாவது 58 டிகிரி கீழே, மற்ற ஐந்தும் 12 டிகிரி மேலே என்று திரை சொல்லும். ஒருவன் புளுகினால் மற்ற ஐந்து பேரும் கொஞ்சம் குற்றவாளி ஆகிறார்கள்.

நாங்கள் பார்த்தது சரியாக இந்தப் படம்தான்.

முதல் நாள்

துறைமுகத்தில் நின்றிருந்தபோது, சிலிண்டர் தலைப்பகுதிக்குப் பக்கத்திலுள்ள ஜங்ஷன் பாக்ஸிலிருந்து கன்ட்ரோல் ரூம் வரை போகும் சில கேபிள்களை மாற்றியிருந்தார்கள். வருடக்கணக்கான சூட்டில் பழைய உறை விறைத்து, வளைத்தாலே உடைந்தது. வேலை முடிந்ததும் சோதித்தார்கள். தெர்மோகப்பிளின் முனையை வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் சூடாக்கினால் திரையில் எண் ஏறியது, விட்டால் இறங்கியது. கேபிள்கள் போய்ச் சேரும் கன்ட்ரோல் ரூம் அலமாரியில், தெர்மோகப்பிளுக்குப் பதிலாக மின்னழுத்தம் கொடுக்கும் மில்லிவோல்ட் சிமுலேட்டரை மாட்டிப் பார்த்தார்கள். 450-ல் அலாரம் துல்லியமாக வந்தது. கையெழுத்தும் ஆனது.

புறப்பட்டு முழு லோடுக்கு வந்து நாலு மணி நேரம் கழித்து ஐந்தாம் சிலிண்டர் விலகல் அலாரம். 300 டிகிரி. மற்றவை 370.

எக்ஸாஸ்ட் குறைவாக இருந்தால் அந்தச் சிலிண்டருக்கு எரிபொருள் குறைவாகப் போகிறது என்று நினைப்பது இயல்பு. ஃப்யூயல் பம்ப்பில் தேய்மானம், எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் சரியாக அமையவில்லை, உறிஞ்சும் வால்வு ஒழுகுகிறது, இப்படி ஏதாவது. சீஃப் இன்ஜினியரிடம் போனேன்.

"அஞ்சு குறைச்சலா காட்டுது சார். ஃப்யூயல் கம்மியா போகுது போல."

"கார்டு எடுத்தியாப்பா?" சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வரைந்து காட்டும் இண்டிகேட்டர் கார்டைத்தான் கேட்டார்.

"இன்னும் இல்ல சார். கடல் கொஞ்சம் ஆட்டமா இருக்கு."

"சரி, ராத்திரி பூரா மணி அடிச்சா யாரும் தூங்க முடியாது. ரேக்கைக் கொஞ்சம் ஏத்திப் பாரு. கார்டு நாளைக்கு எடுத்துக்கலாம்."

60-ல் இருந்த ரேக்கை 64-க்கு ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் ஐந்தாவது 325 ஆனது. இன்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் மற்றவற்றைச் சற்றுக் குறைத்ததால் அவை 366-க்கு இறங்கின. சராசரி 359, விலகல் 34. அலாரம் கலைந்தது. இண்டிகேட்டர் கார்டு மறுநாளும் எடுக்கவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை.

குறை சரியாகும் வரை அலாரத்தின் விளக்கு அணையக்கூடாது என்பது சோலாஸ் விதி. கருவி அதற்குக் கட்டுப்பட்டுத்தான் நடந்தது. விளக்கு அணைய வேண்டிய எண்ணை நான்தான் சமைத்துக் கொடுத்தேன்.

அன்றைக்கு ஐந்தாம் சிலிண்டரின் உண்மையான எக்ஸாஸ்ட் சுமார் 395. மற்றவற்றைவிட 70 டிகிரி குளிராக இருப்பதாக நாங்கள் நம்பிய சிலிண்டருக்கு, மற்றவற்றைவிட அதிக எரிபொருளை ஊற்றிக்கொண்டிருந்தோம்.

இருபது நாள்

வெறும் 25 டிகிரி கூடுதலால் வால்வு எரிந்துவிடாது. அது நடந்ததற்கு இரண்டாவது ஒரு கோளாறு வர வேண்டியிருந்தது, வந்தது. ஒன்பதாம் நாள் வாக்கில் அதே சிலிண்டரின் ஒரு இன்ஜெக்டர் நாசில் ஒழுக ஆரம்பித்திருக்கிறது. கழற்றிப் பார்த்தபோது தெரிந்தது. தெளிக்க வேண்டிய எண்ணெய் சொட்டினால், அது தாமதமாக, பிஸ்டன் கீழே போய்க்கொண்டிருக்கும்போது எரியும். அந்தச் சூடு வேலையாக மாறாமல் எக்ஸாஸ்ட் வால்வு வழியே வெளியே போகும்.

உண்மை வெப்பநிலை 470-ஐத் தொட்டிருக்க வேண்டும். திரை காட்டியதோ 400. சராசரி 373. விலகல் 27. நேரடி எல்லையான 450-ம் தொடப்படவில்லை. இரண்டு அலாரமும் அமைதி. சரியான சென்சார் இருந்திருந்தால் அன்றே இரண்டும் அடித்திருக்கும்.

தெர்மோகப்பிள் காட்டுவது குழாயில் விட்டுவிட்டுப் பாயும் வாயுவின் ஒரு சராசரியை மட்டுமே. வால்வின் முகம் படும் சூடு அதைவிட அதிகம். ஹெவி ஃப்யூயலில் உள்ள சோடியமும் வனேடியமும் சேர்ந்து உண்டாகும் சாம்பல் 500 டிகிரியைத் தாண்டிய பிறகு உருகிப் பசையாகும். வால்வு போய் உட்காரும் விளிம்பில் ஒட்டும். அந்த இடத்தில் வால்வு முழுதாக மூடாது. மூடாத இடுக்கில் எரியும் வாயு பாய்ந்தால் உலோகத்தை வெட்டுவாள் போல அறுத்துவிடும். எங்கள் வால்வில் கடிகாரத்தின் நாலு மணி முள் இருக்கும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம்.

அந்தப் பள்ளம் விழுந்தபோது உண்மை 520-க்குப் போய், திரை 450-ஐத் தொட்டது. மணி இரண்டு. டியூட்டியில் இருந்த தேர்ட் இன்ஜினியர் இறங்கி வருவதற்குள் இன்ஜின் தானாக வேகம் குறைத்திருந்தது. ஐந்தாம் சிலிண்டரின் எரிபொருளைத் துண்டித்து, பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி, வால்வையும் இன்ஜெக்டர்களையும் மாற்றி முடிக்க மறுநாள் மதியம் ஆனது.

இதில் எனக்கு இன்றும் உறுத்துவது வேறொன்று. ஜாக்கெட் தண்ணீர். ஒவ்வொரு சிலிண்டரின் வெளியேற்றமும் 82 டிகிரியில் இருக்கும், அலாரம் 90-ல். ஐந்தாவது மட்டும் பதினொரு நாள் 85, 86 என்று நின்றிருக்கிறது. நாளொன்றுக்கு இரண்டு முறை லாக் புத்தகத்தில் எங்கள் கையாலேயே எழுதியிருக்கிறோம். 90-ஐத் தொடவில்லை, அதனால் யாரும் அதைப் பார்க்கவில்லை. எழுதினோம், பார்க்கவில்லை. எக்ஸாஸ்ட்டுக்கு விலகல் அலாரம் வைத்தவர்கள் ஜாக்கெட்டுக்கு அதை வைக்கவில்லை. தண்ணீரின் நான்கு டிகிரி, எக்ஸாஸ்ட்டின் நூறு டிகிரிக்குச் சமமான சேதி.

தேடல்

புது வால்வு, புது இன்ஜெக்டர், ரேக் பழைய 60-லேயே. கிளம்பினோம். முழு லோடில் ஐந்தாவது மறுபடியும் 300.

இந்த முறை கார்டு எடுத்தேன். கம்ப்ரஷன் அழுத்தமும் உச்ச அழுத்தமும் ஆறிலும் ஒன்றுபோல இருந்தன. ஒரே அளவு எரிபொருள், ஒரே அழுத்தம், ஆனால் ஒன்றில் மட்டும் எக்ஸாஸ்ட் 70 டிகிரி குறைவு என்பது நடக்காத காரியம். அப்போதுதான் சந்தேகம் இன்ஜினை விட்டு மீட்டர் மேல் திரும்பியது. குழாயிலேயே பார்க்கும் டயல் தெர்மாமீட்டர் இருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். ஐந்தாவதில் அந்த இடம் காலியாகவே இருந்தது, எப்போதிலிருந்து என்று யாருக்கும் ஞாபகமில்லை.

எலக்ட்ரிக்கல் ஆபீசர் நாலாவது, ஐந்தாவது தெர்மோகப்பிள்களை இடம் மாற்றினார். ஐந்தாவது அப்போதும் 300. ஆக சென்சார் நல்லது. அலமாரியில் சிமுலேட்டர் வைத்தார், மின்னழுத்தத்தை டிகிரியாக மாற்றும் மாட்யூல் நல்லது. கேபிளின் தொடர்ச்சியைப் பார்த்தார். அறுபடவில்லை, காப்பு நன்றாக இருந்தது. எல்லாம் நல்லது, எண் மட்டும் தப்பு.

பிறகு அவர் செய்தது எளிமையான வேலை. இன்ஜின் தானாக வேகம் குறைக்கும் ஸ்லோ டவுனைத் தற்காலிகமாகத் தடுத்துவிட்டு, ஜங்ஷன் பாக்ஸில் தெர்மோகப்பிளைக் கழற்றி, கேபிள் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரு சிறு கம்பித் துண்டால் இணைத்தார். அப்படி இணைத்தால், இணைத்த இடத்தின் வெப்பநிலையைத் திரை காட்ட வேண்டும். நாலாவதில் செய்தார்: 60. ஜங்ஷன் பாக்ஸைத் தொட்டாலே கை சுடும், சரிதான். ஐந்தாவதில் செய்தார்.

மைனஸ் 10.

வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்த இன்ஜின் ரூமில், பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி. கன்ட்ரோல் ரூமிலிருந்து எண்ணைப் படித்துச் சொன்னவன் நான். அந்தப் பக்கம் போனில் சத்தமே இல்லை. பிறகு சிரிப்பு கேட்டது.

ஏன் மைனஸ் 10

தெர்மோகப்பிளின் மின்னழுத்தம் முனையில் பிறக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கம்பியின் நீளத்தில், எங்கே சூடு மாறுகிறதோ அந்தப் பகுதி முழுவதும் பிறக்கிறது. எங்களிடம் இருந்த கே வகை தெர்மோகப்பிளில், ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். எனவே ஜங்ஷன் பாக்ஸிலிருந்து அலமாரி வரை போகும் கேபிளும் சென்சாரின் ஒரு பகுதிதான். சாதாரணச் செம்புக் கம்பி போடக்கூடாது, அதே குணமுள்ள உலோகக் கலவையில் செய்த கேபிள்தான் போட வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. அந்தக் கேபிளில் இரண்டு கம்பியும் வெவ்வேறு கலவை. ஒன்று கூட்டல், மற்றது கழித்தல்.

பாக்ஸ் 60 டிகிரி, குளிரூட்டிய கன்ட்ரோல் ரூமில் அலமாரி 25 டிகிரி. நடுவிலுள்ள 35 டிகிரியைக் கேபிள் கூட்டிக்கொடுக்க வேண்டும். கடைசி 25 டிகிரியை மாட்யூல் தானே அளந்து சேர்த்துக்கொள்ளும். கேபிளின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் போட்டால் 35 கூட்ட வேண்டிய இடத்தில் 35 கழிகிறது. மொத்தப் பிழை 70. முனைகளை இணைத்தபோது 25-லிருந்து 35 போய் மைனஸ் 10.

ஒரு முனையில் மட்டும் மாற்றிப் போட்டிருந்தால் அன்றே மாட்டியிருப்போம். சூடாக்கச் சூடாக்க எண் கீழே இறங்கும், குழந்தைக்கும் தெரியும். இங்கே இரண்டு முனையிலும் ஒரே மாதிரி மாற்றிப் போட்டிருந்தார்கள். அதனால் சூடானால் எண் ஏறும், ஆறினால் இறங்கும். துறைமுகத்தில் சோதித்த நாளில் இன்ஜின் நின்றிருந்தது; பாக்ஸுக்கும் கன்ட்ரோல் ரூமுக்கும் வித்தியாசம் சில டிகிரிதான், பிழையும் அதைப்போல் இரு மடங்குதான். பாக்ஸ் சூடாக நாலு மணி நேரம் ஆனது, அலாரம் வர நாலு மணி நேரம் ஆனதும் அதனால்தான்.

அறுந்த கம்பியை மாட்யூல் கண்டுபிடிக்கும். எண்ணை உச்சத்துக்குத் தள்ளி சென்சார் கோளாறு என்று சொல்லிவிடும். நசுங்கி ஒட்டிக்கொண்ட கேபிள், நசுங்கிய இடத்தின் சூட்டைக் காட்டும். அதுவும் விரைவில் கண்ணில் படும். மாறிப்போன கம்பி மட்டும் முழுச் சுற்றாக, ஆரோக்கியமாக, பொய் சொல்லும்.

ஜாக்கெட் தண்ணீரை அளக்கும் பி.டி. 100 சென்சாரில் இந்த வம்பு இல்லை. அது வெறும் மின்தடை: பூஜ்யம் டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. அதன் எதிரி வேறு, துருப்பிடித்த முனையம். ஈடுசெய்யப்படாத ஒரு ஓம் கூடினால் இரண்டரை டிகிரி கூடுதலாகக் காட்டும். பதினொரு நாள் உண்மையைச் சொன்னது இந்தச் சாதாரண சென்சார்தான்.

கேபிளின் தலைப்பை உரித்ததும் காரணம் தெரிந்தது. மற்ற கேபிள்களில் பச்சை, வெள்ளை. ஐ.இ.சி. என்ற சர்வதேசத் தரப்படி கே வகையில் பச்சை கூட்டல், வெள்ளை கழித்தல். ஐந்தாவதில் மட்டும் மஞ்சள், சிவப்பு. அது அமெரிக்கத் தரம். அதில் மஞ்சள் கூட்டல், சிவப்பு கழித்தல். மின்வேலை செய்கிற யாரிடம் வேண்டுமானாலும் ஒரு சிவப்புக் கம்பியைக் கொடுங்கள், கூட்டலில்தான் மாட்டுவார். பச்சைக் கேபிள் தீர்ந்துபோய், கையில் இருந்த மஞ்சள் சுருளிலிருந்து வெட்டிப் போட்டிருக்கிறார்கள். போட்டவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வண்ணத்தை முடிவு செய்தவர்கள் மேல் கொஞ்சம் உண்டு.

பிறகு

கம்பிகளை மாற்றிப் போட்டதும் ஐந்தாவது 369 காட்டியது. ரேக்கை இனி கார்டு இல்லாமல் யாரும் தொடக்கூடாது என்று சீஃப் கன்ட்ரோல் ரூமில் எழுதி ஒட்டினார். ஒட்டும்போது என்னைப் பார்க்கவில்லை, அது அவருடைய நல்ல மனசு. ஜாக்கெட் வெளியேற்றத்துக்கும் சராசரியிலிருந்து 3 டிகிரி விலகினால் அலாரம் என்று சேர்த்தோம். காலியாகக் கிடந்த டயல் தெர்மாமீட்டர் இடங்களுக்கு ஆர்டர் போட்டோம். சிமுலேட்டரை அலமாரியில் வைத்துச் சோதிப்பதோடு நிறுத்தாமல், இன்ஜின் சூடாக ஓடும்போது ஜங்ஷன் பாக்ஸில் முனைகளை இணைத்துப் பார்ப்பதும் சோதனையில் சேர்ந்தது.

அந்தச் சோதனையை மீதமிருந்த எல்லா தெர்மோகப்பிள்களுக்கும் அன்று மாலையே செய்தார் எலக்ட்ரிக்கல் ஆபீசர். சிலிண்டர்கள் எல்லாம் சரி. டர்போசார்ஜருக்குப் பின்னால் உள்ளதை இணைத்தபோது, 50 டிகிரி பாக்ஸுக்குத் திரை பூஜ்யம் காட்டியது. அதே மஞ்சள் சுருள். அங்கே எக்ஸாஸ்ட் உண்மையில் 255. நாங்கள் மூன்று வாரமாக 205 என்று எழுதிக்கொண்டிருந்தோம். ஒப்பிட்டுப் பார்க்க அதற்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லாததால் விலகல் அலாரம் வரவே வழியில்லை. அடுத்து இருந்த, எக்ஸாஸ்ட் சூட்டைப் பயன்படுத்தி நீராவி உண்டாக்கும் எக்கனாமைசரின் வாயிலில் ஒரு பழைய டயல் மீட்டர் 255 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. அது கெட்டுப்போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று போன வாரம்தான் உதிரிபாகப் பட்டியலில் சேர்த்திருந்தேன்.